மச்சான் தட்டிப் பாத்த சுவருங்க

ஒரு வூட்டோட சுவத்த கையால தூக்கிப் பாத்திருக்கீங்களா? செங்கல்லச் சொல்லல. முழு சுவரு. பத்தடி நீளம், ஜன்னலுக்கு ஓட்டையெல்லாம் விட்டு ரெடியா இருக்கற சுவரு. நான் தூக்கிருக்கேன். அந்த முனைய எங்க அக்கா ஷமீமா தூக்குனா, புர்காவ முட்டி வரைக்கும் சொருகிகினு. ரெண்டு பேரும் நிமித்தி நிக்க வெச்சோம். மூச்சு கூட வாங்கல. எப்டின்னு சொல்றேன், பொறுங்க.

பயணக் கட்டுரைன்னா பாங்காக், பாலின்னு எழுதுவாங்க. எனக்கு வாய்ச்சது பம்மல், பல்லாவரம், தாம்பரம், முடிச்சூர், அஸ்தினாபுரம். மூணு நாள். பாஸ்போர்ட் வேணாம், ஆனா கூட வந்தவரு பக்கா ஃபாரின் பார்ட்டி. பஷீர் மச்சான், அக்காவோட வூட்டுக்காரரு. சவூதில தம்மாம்ல ஏசி மெக்கானிக், பதினோரு வருஷமா. ஒரு மாசம் லீவுல வந்திருந்தாரு. வந்த வேலை ஒண்ணே ஒண்ணு, அக்கா வூட்டுக்கு மாடி.

அக்கா வூடு அனகாபுத்தூர்ல, ஆத்துலேர்ந்து மூணாவது சந்து. வெறும் தரைத்தளம். மழை வந்தா ஃபிரிட்ஜ் செங்கல் மேல ஏறும், செங்கல்லு கட்டில் மேல ஏறும், அக்காவும் அவ பொண்ணு ஹஃப்ஸாவும் எதிர் வூட்டு மொட்டை மாடில ஏறுவாங்க. ஹஃப்ஸாவுக்கு நாலு வயசு. மழைன்னாலே பைய எடுத்து அதுல பொம்மைய போட ஆரம்பிச்சுடும். பாக்கவே கடுப்பா இருக்கும்.

சரி மாடி கட்ட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நான் சிவில் முடிச்சவ, நானும் அப்டித்தான் சீன் போட்டேன். காலேஜ்ல ஸ்ட்ரக்சர் எடுத்த சாரு ஒருத்தர கூட்டிகினு வந்து காமிச்சேன். மனுஷன் ஒரு ஸ்க்ரூட்ரைவர எடுத்து பூச்சுக்குள்ள நோண்டுனாரு. சிமெண்ட் வரல, மண்ணு கொட்டுச்சு. மச்சானோட அத்தா அந்தக் காலத்துல மண்ணு சாந்துல வெச்ச செங்கல்லு. "இது மேல செங்கல்லும் கான்கிரீட்டும் ஏத்துனா கீழ இருக்கறது ஒக்காந்துடும்மா. வெயிட்டே இல்லாம ஏத்தறதா இருந்தா சொல்லு, மூலைங்கள மட்டும் கெட்டி பண்ணிக்கலாம்"னாரு.

வெயிட்டே இல்லாம ஏத்தற வழி இருக்கு. மெல்லிசா மடிச்ச இரும்புச் சட்டம், ரெண்டு பக்கமும் சிமெண்ட் நாரு போர்டு, நடுவுல கல்லுலேர்ந்து பஞ்சு மாதிரி நூத்த ஒரு மெத்தை. எல்லாம் ஸ்க்ரூ. தண்ணி ஊத்தி ஊத்தி நாள் எண்ண வேணாம். எனக்கு படிக்கும்போதே இது மேல ஒரு கிரேஸ். பேசாம கெடன்னு சொன்னாலும் பேசிகினே இருப்பேன்.

ஆனா மச்சானுக்கு மேஸ்திரி ஏழுமலை ஏற்கனவே கணக்கு சொல்லிட்டாரு. "இடிச்சிட்டு புச்சா போட்டுக்கலாம் பாய். பொங்கலுக்கு சாவி." அதாவது மழைக்காலம் மொத்தமும் அக்கா வாடகை வூட்ல, ஆத்தங்கரைல தோண்டுன பள்ளத்துல தண்ணி ரொம்பி தவளைங்க நீச்சல் கத்துக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் அக்ரிமெண்ட். நான் திங்கக்கிழமை சண்ட போட்டேன். மச்சான் சிரிச்சாரு. "சரி இன்ஜினியரு, வியாழக்கிழமை வரைக்கும் டைம். எங்க வேணா கூட்டிகினு போ. புடிச்சா பாக்கலாம்."

செவ்வாய்க்கிழமை காலைல அக்கா, மச்சான், ஹஃப்ஸா, நான், நாலு பேரும் பல்லாவரம் வரைக்கும் பஸ்சு, அங்கேர்ந்து ஷேர் ஆட்டோ. மூணு பேர் சீட்ல அஞ்சு பேர், மச்சான் பாதி வெளிய. "சவூதில இப்டி போனா ஜெயில்"னாரு. டிரைவரு திரும்பிப் பாத்து, "இங்க இப்டி போவலன்னா ஆபீஸ் லேட்டு பாய்"னாரு. தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டு மேலயே ஒரு கம்பெனி மாடல் வூடு வெச்சிருந்தாங்க. வெள்ளையா, நீலக் கோடு போட்டு, வாசல்ல ரெண்டு தொட்டிச் செடி. டை கட்டுன ஒரு தம்பி ஓடியாந்து, "ஸ்மார்ட் லிவிங் சார், வெல்கம்"னு ஆரம்பிச்சான்.

மச்சான் உள்ள போனாரு. எல்லாரும் பண்றதத் தான் பண்ணாரு, மடக்குன விரலால சுவத்தத் தட்டுனாரு. டங்குன்னுச்சு. அப்பால அவரு மூஞ்சியே மாறிடுச்சு. கதவோட அகலத்தப் பாத்தாரு, ஜன்னல் ஓரத்துல இருந்த கருப்பு ரப்பரப் பாத்தாரு, மேல மூலையக் காட்டி, "இங்க தான் மொதல்ல ஒழுகும். ஒயரு இதுக்குப் பின்னாடி வரும். ஏசி நின்னா பத்து நிமிஷத்துல அடுப்பு"னாரு.

சேல்ஸ் தம்பிக்கு செம குஷி. "சார் நீங்களும் இதே ஃபீல்டா?"

"இல்லப்பா. உள்ள இருந்தவன்."

எனக்குப் புரியல. தாம்பரம் மேற்கு பக்கம் வந்து ஒரு டீக்கடைல நின்னோம். வாழக்கா பஜ்ஜி சூடா எறங்கிகினு இருந்துச்சு, எண்ணெயக் காகிதத்துல ஒத்தி ஒத்தி எடுத்து நான் மூணாவதுல இருந்தேன். மச்சான் டீய ஆத்திகினே கேட்டாரு, "ஃபாத்தி, வீடியோ கால்ல என் ரூம பாத்திருக்கல்ல?"

"பாத்திருக்கேனே. பின்னாடி பச்சத் திரை."

"திரைக்குப் பின்னாடி இதான் இருக்கு. இதே வெள்ளத் தகரம், இதே நீலக் கோடு. லேபர் கேம்ப்ல வரிசையா வெச்சிருப்பான். பதினோரு வருஷமா டப்பாக்குள்ள தான் படுக்கறேன். பக்கத்து டப்பால ஒருத்தன் தும்முனா எனக்கு முழிப்பு வரும். ஆணி அடிக்க விட மாட்டான். தகரத்துல காந்தம் வெச்சுத்தான் ஹஃப்ஸா போட்டோவ ஒட்டி வெச்சிருக்கேன். சம்பாதிச்சு வந்து என் கொழந்தையையும் டப்பாலயே படுக்க வெக்கவா?"

கைல இருந்த பஜ்ஜிய காகிதத்துலயே வெச்சேன். பங்கம். உலகத்துல எத்தன மாடல் வூடு இருக்கு, நான் போய் அவரோட கேம்ப் ரூமுக்கே கூட்டிகினு போயிருக்கேன். அக்கா என்னை முறைச்சா. "ஒனக்குத் தெரியாதாடி?" "ஒனக்குத் தெரியுமா?"ன்னேன். அவளுக்கும் தெரியாது. பதினோரு வருஷம் அவளும் அந்தப் பச்சத் திரையத் தான் பாத்திருக்கா.

திரும்பி வரும்போது ஹஃப்ஸா மட்டும் ஷேர் ஆட்டோ கம்பிய விரலால தட்டி, "டங்கு டங்கு"ன்னு வந்துச்சு.

புதன்கிழமை நான் கெஞ்சல, மெரட்டுனேன். வாக்கு வாக்கு தான், வியாழன் வரைக்கும் டைம்னு நீங்க தான் சொன்னீங்கன்னேன். முடிச்சூர்ல ஒரு வேலை நடக்குது, முழுசா முடிஞ்ச சாமானம் வேணாம், தோலு உரிச்சுப் பாக்கலாம்னு. பல்லாவரத்துல ட்ரெயின் ஏறுனோம். நாங்க மூணு பேரு லேடீஸ் பெட்டில, மச்சான் ஜெனரல்ல. சமோசா வந்துச்சு, ரெண்டு ரெண்டா வாங்கித் தின்னோம். உள்ள உருளைக்கெழங்கே இல்ல, வெங்காயம் தான், ஆனா அந்த மொறுமொறுப்புக்கு மன்னிச்சு வுட்டுடலாம். தாம்பரத்துல எறங்குனா மச்சானக் காணோம். போன் எடுக்கல. வண்டி செங்கல்பட்டு வண்டி, அது பாட்டுக்குப் போயிடுச்சு.

கால் மணி கழிச்சு போன் வந்துச்சு. பெருங்களத்தூர்லேர்ந்து. "தூங்கிட்டேன். ஜன்னல் ஓரம், காத்து நல்லா வந்துச்சா..." அக்கா போன புடுங்கி, "சவூதிலேர்ந்து ப்ளேன் மாறி வரத் தெரியும், தாம்பரத்துல எறங்கத் தெரியாதா"ன்னா. அடுத்த வண்டி புடிச்சு நாங்க பெருங்களத்தூர் போய் அவரப் பொறுக்கிகினு, அங்கேர்ந்து ஆட்டோல முடிச்சூர்.

சைட்ல சூப்பர்வைசர் இல்ல. பீகார் அண்ணனுங்க ரெண்டு பேரு மட்டும் சாப்ட்டு முடிச்சு கை கழுவிகினு இருந்தாங்க. எனக்கு இந்தி சுத்தமா வராது. மச்சானுக்கு கேம்ப் இந்தி, தண்ணி பட்ட பாடு. பேர் மனோஜ்னு சொன்ன ஒருத்தரு கிட்ட பேச ஆரம்பிச்சாரு பாருங்க, நேத்துலேர்ந்து சரியா வாய் தொறக்காத மனுஷன் சிரிச்சு சிரிச்சு பேசறாரு. நடுநடுவுல எங்களுக்குத் தமிழ்ல சொன்னாரு.

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு சுவரு, பின்னாடி ஒரு சுவருன்னு ஏத்துறாங்களாம்."

"நல்லா கேளுங்க மச்சான், ஸ்ட்ராங்கா இருக்குமான்னு."

கேட்டாரு. மனோஜ் அண்ணன் ரொம்ப நேரம் ஏதோ சொன்னாரு. மச்சான் என்னைப் பாத்து நக்கலா சிரிச்சாரு. "அவங்க ஊர்ல அவரு வூட்ட செங்கல்ல கட்டுறாராம்."

போச்சுடான்னு நெனச்சேன். ஏன்னு கேளுங்கன்னேன். ஏன்னா அவங்க கிராமத்துல இந்த ஸ்க்ரூவும் கிடைக்காது, இத மாட்டத் தெரிஞ்ச ஆளும் கிடைக்காது, இவரு ஒருத்தரு தான், இவரு இங்க இருக்காரு. அது ஒரு நியாயமான பதில். அப்பால அவராவே இன்னொன்னு சொன்னாரு. ஜன்னலுக்குக் கீழ வெளிப்பக்கம் சரிவா தகடு வெக்கணும், வெக்கலன்னா மழைத் தண்ணி போர்டுக்குள்ள எறங்கிடும், அவசரத்துல நெறைய எடத்துல வெக்கறதில்ல, நீங்க கட்டுனா பக்கத்துல நின்னு பாருங்கன்னு.

மச்சானுக்கு அது புடிச்சிருந்துச்சு. தப்ப மறைக்காம சொன்ன ஆளு. சட்டத்துக்கு நடுவுல கைய வுட்டு அந்தக் கல்லுப் பஞ்ச அமுக்கிப் பாத்தாரு, போர்டோட தடிமன விரலால அளந்தாரு.

"டப்பா இல்லல்ல?"ன்னேன்.

"டப்பாக்கு சட்டை போட்டிருக்கு"ன்னாரு. விட்டுக் குடுக்கற மனுஷனா அவரு.

அப்பதான் அந்த மேட்டர். போர்டு அடிக்காத ஒரு சட்டச் சுவர தரைலேர்ந்து நிமித்தணும், இன்னொரு ஆளு மேல ஸ்க்ரூ புடிச்சிகினு இருக்காரு, கீழ கை பத்தல. நான் போய் ஒரு முனையப் புடிச்சேன். மனோஜ் அண்ணன் வேணாம்னு கை ஆட்டறாரு. அதுக்குள்ள அக்கா ஹஃப்ஸாவ மச்சான் கைல குடுத்துட்டு அந்த முனைக்குப் போயிட்டா. ஒன் டூ த்ரீ. சுவரு எழுந்து நின்னுச்சு. ஒரு ரூமோட ஒரு பக்கம், எங்க ரெண்டு பேரு கைல. அக்கா அத வுடாம புடிச்சிகினு, "என்னங்க, இது நம்ம சமையக்கட்டு அகலம் இருக்கும்ல"ன்னு கேட்டா. மச்சான் ஹஃப்ஸாவ இடுப்புல வெச்சிகினு அந்த அகலத்த அடி வெச்சு நடந்து பாத்தாரு.

இருந்தாலும் வூட்டுக்கு வந்ததும் அதே பாட்டு. "கட்டும்போது எல்லாம் நல்லாத் தான் இருக்கும். குடியிருக்கறவன் சொல்லணும்."

அதுக்குத்தான் வியாழக்கிழமை. என் ஃபிரெண்டோட பெரியம்மா பொண்ணு ஸ்டெல்லா அக்கா, அஸ்தினாபுரத்துல இதே மாதிரி வூடு கட்டி மூணாவது மழையப் பாக்கப் போறாங்க. நைட் ட்யூட்டி நர்ஸு. பகல்ல தூங்கி ஆகணும், அதுக்கே பாத்துப் பாத்துக் கட்டுனது. குரோம்பேட்டைல எறங்கி நடந்தே போயிடலாம்னு நான் சொன்னது தப்பு. வெயில்ல கரைஞ்சு போய்ச் சேந்தோம். போனா அங்க அன்னிக்கு மாசாந்திர ஷட்டவுன், காலைலேர்ந்து கரண்ட் இல்ல. பக்கத்து ஜெராக்ஸ் கடைல ஜெனரேட்டர் போட்டு, அது கொட கொடன்னு தெருவையே ஆட்டிகினு இருக்கு. சூடு, சத்தம், எல்லாம் ஒரே நாள்ல. நான் மனசுக்குள்ள செத்துட்டேன்.

மச்சான் செருப்ப கழட்டுனதும் தட்டுனாரு. இது டங்குன்னு சொல்லல. டொக்குன்னுச்சு. இன்னொரு தடவ தட்டுனாரு. ஸ்டெல்லா அக்கா சமையக்கட்டுலேர்ந்து, "தம்பி, தொறந்து தான் இருக்கு, உள்ள வாங்க"ன்னாங்க.

பேச்சு வார்த்தைக்கு முன்னாடி சாப்பாடு. வஞ்சிர மீன் கொழம்பு, மாங்கா போட்டு. நேத்து வெச்சதாம், அதான் அந்த டேஸ்டு. வேணாம் வேணாம்னு சொன்ன மச்சான் மூணு தடவ சோறு வாங்குனாரு. ஸ்டெல்லா அக்கா ஜன்னல சாத்துனாங்க. ஜெனரேட்டர் சத்தம் எங்கயோ அடுத்த தெருவுக்குப் போன மாதிரி ஆயிடுச்சு. இன்வெர்ட்டர்ல ஒரே ஒரு ஃபேன். ஏசி கெடையாது. நாங்க பொம்பளைங்க சமையக்கட்டுல நின்னு ஒழுகுமா, கரையான் வருமான்னு கேள்வியா கேட்டுகினு இருந்தோம். முதல் மழைல ஒரு ஜன்னல் கீழ ஈரம் வந்துச்சு, தகடு வெச்சதும் நின்னுச்சுன்னாங்க. மனோஜ் அண்ணன் சொன்ன அதே எடம்.

ஹாலுக்கு வந்து பாத்தா மச்சான் தரைல, சுவத்தோரமா, கைய தலைக்கு வெச்சு, நல்ல தூக்கம்.

அக்காவுக்கு மானமே போச்சு. "முன்ன பின்ன தெரியாத வூட்ல..." எழுப்பப் போனவள ஸ்டெல்லா அக்கா தடுத்துட்டாங்க. "சும்மா இரும்மா. பேஷன்ட் தானா தூங்குனா நாங்க எழுப்ப மாட்டோம்." ஹஃப்ஸா அவரு பக்கத்துலயே நின்னு ஸ்டூல உருட்டி விளையாண்டுச்சு. அசையல. பக்கத்து ரூம்ல குக்கர் விசில் வந்துச்சு. அசையல. தும்முனா முழிச்சுக்கற மனுஷன்னு சொன்னாரே, அவரு தான்.

ஒண்ணரை மணி நேரம் கழிச்சு எழுந்தாரு. கூச்சத்துல யாரையும் பாக்காம, "கரண்ட் எப்ப வந்துச்சு?"ன்னாரு.

"இன்னும் வரல தம்பி."

அப்டியே ஒக்காந்தாரு. சுவத்துல உள்ளங்கைய வெச்சுப் பாத்தாரு. சூடு பாக்கறாரு, ஏசி மெக்கானிக் ஆச்சே. வெயில் அடிக்கற பக்கத்து சுவரு அது. வெச்ச கைய எடுக்கவே இல்ல. அப்பால தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்டாரு. "இதுல ஆணி அடிக்க முடியுமாக்கா?"

ஸ்டெல்லா அக்கா உள்ள போய் சுத்தியலும் ஆணியும் கொண்டாந்து அவரு கைல வெச்சாங்க. "இந்த ஒரு சுவத்துல போர்டுக்குப் பின்னாடி ப்ளைவுட் வெச்சிருக்கேன். எங்க வேணா அடிங்க. ரொம்ப நாளா ஏசு படத்த மாட்டணும்னு இருந்தேன், உயரத்துக்கு ஆளில்ல." மச்சான் நாலே அடில ஆணிய எறக்கி, படத்த மாட்டி, ரெண்டு அடி பின்னாடி வந்து நேரா இருக்கான்னு பாத்தாரு. ஆணியப் புடிச்சு இழுத்தும் பாத்தாரு. வரல.

பஸ்ல வரும்போது அக்காவுக்கும் எனக்கும் ஒரே சண்ட. அவரத் தூங்க வெச்சது சுவரா, மீன் கொழம்பா. அக்கா கொழம்பு கட்சி. நான் ஒண்ணு சொல்றேன், நீங்க புது மாதிரி வூடு பாக்கணும்னா ஷோரூம் பக்கமே போகாதீங்க. ஆளு குடியிருக்கற வூட்டுக்குப் போங்க. உச்சி வெயில்ல போங்க. கரண்ட் இல்லாத நாளா பாத்துப் போங்க. ஒரு கப்பு மீன் கொழம்போட போனா இன்னும் விசேஷம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வூட்ல பிரியாணி. சரியா தம் ஒடைக்கற நேரம் பாத்து மேஸ்திரி ஏழுமலை வந்தாரு, சட்டைப் பைல ஸ்டாம்பு பேப்பர் நீட்டிகினு. மச்சான் அவருக்கும் தட்டு வெச்சாரு. பாதி சாப்பாட்டுல தான், இடிக்கல, மேல அந்த போர்டு சுவரு தான்னு விஷயத்தச் சொன்னாரு. நான் லெக் பீஸ அப்டியே புடிச்சிகினு ஒக்காந்துட்டேன், ஏன்னா எனக்கே அவரு முடிவு அப்பதான் தெரியும்.

"இன்னா பாய், அட்டை வூடா?" மேஸ்திரி சாப்பிடறத நிறுத்துனாரு. "பூனை குதிச்சா ஓட்டை வுழும் பாய். இந்தப் பாப்பா பேச்சக் கேட்டுகினு..."

"நான் அதுல தூங்கிப் பாத்தேன் மேஸ்திரி."

"தூங்கி? இன்னா கனவு வந்துது?"

"ஒண்ணுமே வரல. அதான்."

அப்பால மச்சான் அவரு கிட்ட, கீழ மூலைங்கள கெட்டி பண்றது, படிக்கட்டு, ரெண்டும் நீங்க தான் பண்ணணும், மண்ணு சுவத்த உங்க அளவுக்குத் தொட வேற ஆளில்லன்னாரு. மேஸ்திரி இன்னொரு கரண்டி போடுன்னு தட்ட நீட்டுனாரு. "செய்றேன். ஆனா மேல நிக்கறது ஆடுச்சுன்னா என் பேர சொல்லப்படாது." அப்பால என் பக்கம் திரும்பி, "பாப்பா, அந்த ஸ்க்ரூவ எப்டி போடுவானுங்க, ஒரு நாள் வந்து பாக்கறேன்"னாரு. எனக்கு எழுந்து ஆடணும் போல இருந்துச்சு. கைல லெக் பீஸ் இருந்ததால ஆடல.

மச்சான் ரெண்டு கண்டிஷன் போட்டாரு. ஒவ்வொரு ஜன்னல் தகடு வெக்கும்போதும் நான் பக்கத்துல நிக்கணும். ரெண்டாவது, ஹால்ல ஒரு சுவரு, தரைலேர்ந்து கூரை வரைக்கும், முழுசா உள்ள ப்ளைவுட்.

மேஸ்திரி வேலை ஒரு வாரம். சட்டம் ஏத்த மூணு நாள், மூணாவது நாள் சந்துல பாதி பேரு வேலைக்குப் போகாம வேடிக்கை. மேஸ்திரியும் வந்து நின்னாரு, ஒரு சட்டத்த ஒத்தக் கையால தூக்கிப் பாத்துட்டு "அடப்பாவி"ன்னாரு. வந்தவங்க எல்லாரும் தட்டிப் பாத்தாங்க. மச்சான் ஃபிளைட்டுக்கு மொத நாள் தான் ஹால் சுவத்துக்கு போர்டு அடிச்சு முடிஞ்சுது, மீதி மூணு பக்கமும் வெறும் சட்டம், வானம் தெரியுது. ஹஃப்ஸா போட்டோவ பெருசா போட்டு ஃபிரேம் பண்ணிகினு வந்திருந்தாரு. அவரே ஆணி அடிச்சு மாட்டுனாரு. அதுக்கு அப்பால வீடியோ கால்ல தினமும் வர்றாரு, இந்த எடத்துல ஒண்ணு அடி, அந்த எடத்துல ஒண்ணு அடின்னு அக்காவ வேல வாங்கறாரு. போட்டோவே இல்லாம நாலு ஆணி சும்மா நிக்குது. அவரு பக்கம் பச்சத் திரை இப்ப இல்ல. பின்னாடி இருக்கற தகரம் அப்டியே தெரியுது.

மீதி சுவரும் கூரையும் ஏறி முடிஞ்சு, நான் இத அந்த மாடில ஒக்காந்து டைப் பண்ணிகினு இருக்கேன். மூணு நாளா மழை. கீழ தண்ணி ரெண்டாவது படில நிக்குது, ஹஃப்ஸா மேல தூங்குது.